ஸ்வீடன்காரரின் கோலுக்கு அம்மா வைத்த பொட்டு

வெள்ளைப் பந்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானம். அன்றைய முதல் குழி. தோளில் ஒரு ஸ்வீடன்காரரின் பையைச் சுமந்துகொண்டு, உலகப் புகழ்பெற்ற கேடியின் முகபாவத்தோடு நின்றிருந்தேன். கேடி என்றால் ஆட்டக்காரரின் பையைத் தூக்குபவர். காற்றையும் சரிவையும் பார்த்து யோசனை சொல்பவர். அதற்கு முன் நான் தூக்கிய மிகப் பெரிய பை, மெரிலேண்ட்ஸ் கடையில் அம்மா வாங்கும் அரிசிப் பைதான்.

ஸ்வீடன்காரர் தொலைவிலிருந்து பந்தை உருட்டினார். அது மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த இடத்தில் ஒரு நாணயத்தை அடையாளமாக வைத்துவிட்டு, பந்தை எடுத்து என்னிடம் எறிந்தார். ஈரத் துவாயால் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேடியின் வேலைகளிலேயே மூளை தேவைப்படாதது அது ஒன்றுதான்.

பந்தைத் திருப்பினேன். பொட்டு.

நல்ல கேடியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு அவர் காதில் மட்டும் சொல்லியிருப்பாள்.

"ஐயோ, குங்குமம்!" என்று கத்தினேன்.

எங்களோடு விளையாடிக்கொண்டிருந்த குயின்ஸ்லாந்துக்காரர் சிவப்பைப் பார்த்துவிட்டு, யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடிவந்தார். ஸ்வீடன்காரர் தன் கையிலிருந்த கோலைத் திருப்பினார். பந்தைத் தள்ளுகிற அந்தச் சின்னக் கோலுக்குப் புட்டர் என்று பெயர். அதன் முகத்தின் நட்டநடுவில், காய்ந்த சந்தனத்தின் மேல், பாதி அழிந்த குங்குமம். யார் கைவேலை என்று எனக்கு உடனே தெரிந்தது. எங்கள் காரின் நெற்றியிலும் அதே பொட்டு, அதே அளவு.

"துடைத்துவிடு, யார் பார்த்தார்கள்?" என்றார் குயின்ஸ்லாந்துக்காரர், நல்ல மனதோடு.

ஸ்வீடன்காரர் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

கோல்ஃபில் அப்படித்தான். கள்ளனும் பொலிசும் ஒரே ஆள். தன் பிழையைத் தானே போய்ச் சொல்ல வேண்டும். நடுவர் தன் சின்ன வண்டியில் வந்து சேர்வதற்குள், நாங்கள் அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்றையும் முடிக்காதவள்

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். வீணையை வர்ணம் வரை, மலையேற்றத்தை ஒரு குளிர்காலம் வரை, தேனீ வளர்ப்பை மூன்றாவது கொட்டு வரை கற்றவள். தேனீ அத்தியாயத்தை வாசித்த ஒரு அங்கிள், "பிள்ளை, நீர் ஏதாவது ஒண்டை முடிச்சனீரோ?" என்று எழுதிக் கேட்டிருந்தார்.

முடித்திருக்கிறேன், அங்கிள். பொறியியல் பட்டம். கவுன்சிலில் மழைநீர் வடிகால் பிரிவில் வேலை. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சரிவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வேலைதான் என்னைக் கெடுத்தது. அலுவலகத்து நண்பர்களோடு ஒருநாள் கோல்ஃப் மைதானத்துக்குப் போனேன். குழியைச் சுற்றியிருந்த புல்தரையைப் பார்த்ததும், தண்ணீர் ஓடும் திசை தெரிந்தவளுக்குப் பந்து ஓடும் திசை தெரியாதா என்று தோன்றியது.

தெரியாது. ஆனால் அதை ஒத்துக்கொள்வதற்குள் நான் கிளப்பில் அங்கத்தவராகி, இரண்டு சோடிச் சப்பாத்து வாங்கி, அலுவலகத்தில் எல்லோருக்கும் புல்லின் வகைகளைப் பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்திருந்தேன்.

சின்னப் போட்டிகளில் விளையாட வருகிறவர்களுக்கு ஹோட்டல் கட்டுப்படியாகாது. அதனால் கிளப் அங்கத்தவர்கள் அவர்களைத் தங்கள் வீட்டில் தங்கவைப்பது இங்கே ஒரு வழக்கம். "யாரிடம் ஒரு அறை சும்மா இருக்கிறது?" என்று கிளப்பில் கேட்டார்கள். என் கை என்னைக் கேட்காமல் உயர்ந்தது.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீ?" என்றார் அம்மா.

"அம்மா, அவர் யூரோப்பில சாம்பியன்!"

"சாம்பியன் எண்டா ஏன் எங்கட வீட்டில படுக்க வாறார்?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஸ்வீடன்காரரிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு முழு வாரம் எடுத்தது.

சாம்பியன் ஏன் எங்கள் வீட்டில் படுத்தார்

அவர் பெயர் தோர்பியோர்ன். வயது நாற்பதைத் தொட இருந்தது. எங்கள் வீட்டுக் கதவு நிலைக்குத் தலை குனிந்து வரும் உயரம். அம்மா அந்தப் பெயரை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, "தம்பி" என்று வைத்துக்கொண்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஸ்வீடனின் தெற்கே ஒரு சின்ன ஊர். பாதி வருடம் பனி. பழைய விமானக் கொட்டகை ஒன்றுக்குள் வலை கட்டி, அதற்குள் அடித்துப் பழகியவர். இருபதுகளில் மழை கொட்டிய ஒரு தீவில் நடந்த பெரிய போட்டியை வென்றார். ஊருக்குள் நுழையும் வழியில் அவர் படத்தைப் பெரிதாக வைத்தார்கள். படத்தில் அவர் கையில், விளம்பரத்துக்காக, ஒரு தயிர்க் கோப்பை.

பிறகு இன்னும் தூரமாக அடிக்க வேண்டும் என்ற ஆசையில் பயிற்சியாளரை மாற்றினார். தூரம் கூடியது. திசை போய்விட்டது. பெரிய போட்டிகளில் விளையாடும் உரிமையை இழந்தார், திரும்பப் பெற்றார், மறுபடி இழந்தார். ஊரில் தயிர்க் கோப்பையோடு இன்னொருவர் படம் வந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் கை நடுக்கம்.

கோல்ஃப்காரர்கள் அதைப் பற்றி வாய்விட்டுப் பேச மாட்டார்கள், தொற்றிவிடும் என்று பயம். நீளமான அடியெல்லாம் தேன் மாதிரிப் போகும். குழந்தைகூடத் தள்ளிவிடக்கூடிய தூரத்தில் பந்து நின்றால் மட்டும், வலது மணிக்கட்டு தானாகத் துள்ளும். பந்து குழியைத் தாண்டி ஓடும். இடது கையைக் கீழே பிடித்துப் பார்த்தார். கண்ணை மூடி அடித்துப் பார்த்தார். மனதை வசியப்படுத்துகிற ஒருவரிடம் போனார். அந்த மனிதர் பேசி முடிக்குமுன் இவர் தூங்கிவிட்டார், எழுந்தபோது கை அப்படியேதான் இருந்தது.

"அதனால்தான் உங்கள் வீட்டில்," என்று சிரித்தார்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. மெல்பேர்ணில் ஒரு பெரிய போட்டி. அதில் கடைசியாக மிஞ்சியிருந்த மூன்று இடங்களுக்குச் சிட்னியில் ஒருநாள் தகுதிச் சுற்று. இடம் கிடைத்தால் மெல்பேர்ண், அங்கிருந்து மறுபடி மேலே. கிடைக்காவிட்டால் கோல்ஃபை விட்டுவிட்டு, மச்சானின் சமையலறை அலமாரிக் கடையில் சேர்வதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"இடம் கிடைத்தால் நீதான் என் கேடி, மெல்பேர்ணிலும்," என்றார் என்னிடம்.

அன்று இரவே இணையத்தில் கேடிகள் போடும் வெள்ளை அங்கி ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன்.

'பப்பா, தோத்திட்டீங்களா?'

தினமும் பின்னேரம், அம்மா குசினியில் சமைக்கும் நேரத்தில், தோர்பியோர்னுக்கு வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வரும். ஸ்வீடனில் அப்போது காலை. மகள் டில்டா, ஆறு வயது, முன்பல் இல்லாமல் திரையை நிறைத்துக்கொண்டு வருவாள். பேச்சு எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

"என்ன கேக்குது பிள்ளை?" என்று அம்மா என்னைக் கேட்டார். நான் அவரைக் கேட்டேன்.

"'பப்பா, தோத்திட்டீங்களா?' என்று கேட்கிறாள்."

"இதென்ன, அபசகுனமா!" என்றார் அம்மா.

தோர்பியோர்ன் விளக்கினார். கோல்ஃபில் வியாழன், வெள்ளி இரண்டு நாள் ஆடி முடித்ததும், பின்தங்கியவர்களை அனுப்பிவிடுவார்கள். நன்றாக ஆடினால் அப்பா வர மாட்டார். தோற்றால் வெள்ளி இரவே வீட்டில். பேச்சு வந்த நாளிலிருந்து டில்டா கண்டுகொண்ட உலகம் அது. அதனால் ஆசை ஆசையாகக் கேட்கிறாள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு அடிப்பிடித்தது.

பூசையில் வைத்த பை

தகுதிச் சுற்றுக்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டில் ஆயுத பூசையும் அதோடு சேர்த்துத்தான். சாமி அறையில் என் புத்தகங்கள், அப்பாவின் ட்ரில் மெஷின், அம்மாவின் தையல் மெஷின், தேங்காய் துருவலை. இவற்றின் நடுவில், வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால், தோர்பியோர்னின் கோல்ஃப் பை நின்றது.

"அம்மா! அவர் இண்டைக்குப் பிராக்டிஸ் பண்ண வேணும்!"

"பூசையில வச்ச சாமானைத் தொடக்கூடாது. நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்."

"நாளைக்குத்தான் மேட்ச்!"

"நல்ல நாள்தானே, விசயதசமி. ஏழு நாளா கார்ப்பெட்டில டக் டக் எண்டு மரங்கொத்தி மாதிரி. ஒரு நாளைக்கு விட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

நான் தோர்பியோர்னிடம் மன்னிப்புக் கேட்டு, வழிபாட்டுச் சுதந்திரம் பற்றியும் விளையாட்டு வீரரின் உரிமை பற்றியும் ஒரு சிறு சொற்பொழிவு செய்தேன். அவர் கேட்கவில்லை. சம்மணம் கட்டி உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலாவது வடையோடு சோபாவில் சாய்ந்தவர் பொழுதுபடும் வரை எழும்பவில்லை.

மறுநாள் காலை அம்மா பையைத் தந்தார். எல்லாக் கோல்களிலும் பொட்டு. ஆட்டக் கோலின் முகத்தில் எதுவும் பூசக்கூடாது என்று எனக்குத் தெரியும். விதிகளைக் கரைத்துக் குடித்தவளல்லவா நான். மைதானத்துக் கார் நிறுத்துமிடத்தில் முட்டுக்கால் போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். புட்டர் மட்டும் அதன் உறைக்குள் ஒழுங்காக இருந்தது. உறைக்குள் இருப்பதற்கு அம்மா எப்படிப் பொட்டு வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

உறையைக் கழற்றி, பொட்டு வைத்து, மறுபடி உறையைப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன் பயிற்சித் தரையில் புட்டரைத் தொடுவதில்லை என்பது தோர்பியோர்னின் வழக்கம். கை நடுங்குவதைத் தானே பார்த்துவிடக்கூடாது என்று. ஆகவே முதல் குழி வரை அந்த உறை கழறவேயில்லை.

நான் கொடுத்த விளக்கம்

நடுவர் வந்தார். ஜூடித் என்று பெயர், அகலத் தொப்பி, சிரிக்காத வாய். புட்டரின் முகத்தைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார்.

"இது என்ன? யார் பூசினார்கள்?"

இந்த இடத்தில் தோர்பியோர்ன் பதில் சொல்லியிருக்கலாம். நான் முந்திக்கொண்டேன். சந்தனம், குங்குமம், நவராத்திரி, கருவிகளுக்கு நாம் கொடுக்கும் மரியாதை என்று ஒரு வெள்ளமாகச் சொல்லி, கடைசியில் கிரீடம் வைத்ததுபோல் முடித்தேன்: "இப்படிப் பொட்டு வைத்தால் அந்தக் கருவி இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பது எங்கள் நம்பிக்கை!"

தோர்பியோர்ன் கண்ணை மூடினார்.

"அப்படியானால், கோல் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பூசியது?" என்றார் ஜூடித், மெதுவாக.

விதி அதேதான். கோலின் ஆட்டத்தை மாற்றும் நோக்கத்தோடு எதையாவது பூசி, அந்தக் கோலால் ஒரு அடி அடித்துவிட்டால், போட்டியிலிருந்தே நீக்கம். நோக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அந்த நோக்கத்தை, யாரும் வற்புறுத்தாமல், பண்பாட்டு விளக்கத்தோடு நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"பூசியது உன் அம்மா. அவரிடமே கேட்போம்," என்றார் ஜூடித். "ஸ்பீக்கரில் போடு. அப்படியே மொழிபெயர்த்துச் சொல்."

பின்னால் வந்தவர்களை முன்னே போக விட்டுவிட்டு, புல்தரையின் ஓரத்தில் கைபேசியைச் சுற்றி நின்றோம்.

"அம்மா, நேற்று தம்பியின்ர புட்டருக்குப் பொட்டு வச்சனீங்களே?"

"ஓம். ஏன், அழிஞ்சு போச்சே?"

"என்னத்துக்கு வச்சனீங்கள்? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இதென்ன விசர்க் கேள்வி. பூசையில வச்சா பொட்டு வைக்கிறதுதானே."

"வைக்கேக்க என்ன நினைச்சுக் கும்பிட்டனீங்கள்?"

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"ஸ்பீக்கரிலயோ போட்டிருக்கிறாய்?"

"இல்லை," என்றேன். எதற்குத்தான் பொய் சொல்வது என்ற கணக்கே எனக்கு இல்லை.

"சொன்னாக் கோவிக்கக்கூடாது. அவர் இண்டைக்குத் தோத்துப்போட்டு வீட்டை போகோணும் எண்டு கும்பிட்டனான்."

"என்ன?"

"பின்ன? அந்தப் பல்லில்லாப் பிள்ளை ஒவ்வொரு நாளும் தோத்திட்டீங்களோ, தோத்திட்டீங்களோ எண்டு கேக்குது. அதைக் கேட்டுக்கொண்டு நான் என்னெண்டு வெல்லோணும் எண்டு கும்பிடுறது? நீயும் வேலையை விட்டுட்டு மெல்பேர்ணுக்குப் பை தூக்கப் போறன் எண்டு நிக்கிறாய். ரெண்டையும் சேத்துத்தான் கேட்டனான். எல்லாக் கோலுக்கும் ஒரு பொட்டு, அந்தச் சின்னனுக்கு மட்டும் ரெண்டுதரம் வச்சனான்."

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஜூடித்துக்கு மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

ஜூடித் தொப்பியைக் கழற்றி, வேறு பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் மறுபடி பழையபடி.

"இவர் பூசவில்லை, பூசச் சொல்லவும் இல்லை. பூசியவர் கோலைப் பற்றி நினைக்கவே இல்லை. பிரார்த்தனை விதிப்புத்தகத்தில் வராது. தண்டனை இல்லை. துடைத்துவிட்டு ஆடுங்கள்."

நான் துடைத்தேன். தோர்பியோர்ன் பந்தைத் திரும்ப வைத்து, மிஞ்சியிருந்த அந்தக் குட்டித் தூரத்தைத் தள்ளினார். கை துள்ளவில்லை.

துள்ளாத கை

அதற்குப் பிறகும் துள்ளவில்லை. ஒருநாள் முழுவதும் கோலைத் தொடாமல் வடை சாப்பிட்டுத் தூங்கியதாலா, தனக்கே தெரியாது என்றார். எனக்கு உடனே மூன்று விளக்கங்கள் தோன்றின. மூன்றையும் விழுங்கிக்கொண்டேன்.

என் பங்களிப்பு என்னவென்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழியிலும் சரிவைப் பார்த்து, பந்து எந்தப் பக்கம் வளையும் என்று தீர்க்கமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மறு பக்கம் அடித்தார். பந்து உள்ளே விழுந்தது. சில குழிகளுக்குப் பிறகு அவர் என் கருத்தை ஆவலோடு கேட்க ஆரம்பித்தார். எந்தப் பக்கம் அடிக்கக்கூடாது என்பதற்கு நான் நம்பகமான ஆள்.

கடைசிக் குழி. அதுவரை வந்த கணக்கில், அந்தப் பந்து உள்ளே போனால் மூன்றாவது இடம் தோர்பியோர்னுக்கு. தவறினால் எங்களோடு ஆடிய குயின்ஸ்லாந்துக்காரருக்கு. பந்து நின்ற தூரம், அவர் இத்தனை வருடம் நடுங்கிய அதே தூரம்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது."

வலப்பக்கம் தள்ளினார். பந்து குழியின் உதட்டில் ஒருமுறை யோசித்துவிட்டு விழுந்தது.

நான் பையைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தேன். கேடிகள் குதிக்கக் கூடாது. அவர் தொப்பியைக் கழற்றி, மற்றவர்களுக்குக் கை கொடுத்தார். குயின்ஸ்லாந்துக்காரர் அவர் முதுகில் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கார் நிறுத்துமிடம்

பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பள்ளிக்குப் போகும் சட்டையோடு டில்டா. எனக்கு ஸ்வீடிஷ் மொழியில் மொத்தம் இரண்டு தெரியும். ஒன்று அவள் தினமும் கேட்கும் கேள்வி. மற்றது 'ஆமாம்'.

அவள் கேள்வியைக் கேட்டாள்.

அவர் புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"ஆமாம்," என்றார்.

டில்டா போட்ட சத்தத்தில் கார் நிறுத்துமிடத்தில் நின்ற கலா என்னும் கிளிகள் எழும்பின. கைபேசி எங்கேயோ விழுந்தது, கூரை தெரிந்தது, குதிக்கும் கால்கள் தெரிந்தன.

அழைப்பு முடிந்ததும் நான் ஆரம்பித்தேன். அவர் ஆட்டத்தின் புள்ளிகள், மெல்பேர்ண் மைதானத்தின் மண், காற்று, அவர் வயதில் மீண்டு வந்தவர்கள், எல்லாம். "அந்த அங்கியைக்கூட வாங்கிவிட்டேன்!" என்றும் சொல்லிவிட்டேன். அதுதான் என் கடைசி வாதம்.

நான் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"இன்றைக்கு என் கை நடுங்கவில்லை. இதைவிட நல்ல நாள் ஒன்றில் என்னால் நிறுத்த முடியாது. மெல்பேர்ணுக்குப் போனால் நடுங்கும் நாளில்தான் நிறுத்துவேன்." பிறகு சொன்னார்: "வா என்று என் வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. என் மனம் நோகும் என்று. உன் அம்மா ஒருவர்தான் வாய்விட்டுச் சொன்னார். அதுவும் ஸ்பீக்கரில்."

போட்டி அலுவலகத்துக்குப் போய்த் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அது நாலாவதாக வந்த குயின்ஸ்லாந்துக்காரருக்குப் போனது. திரும்பி வந்து என்னிடம் ஒன்று கேட்டார்: "நான் வீடு போய்ச் சேரும்வரை உன் அம்மாவிடம் சொல்லாதே. தெரிந்தால் என்னை மெல்பேர்ணுக்குப் போகச் சொல்வார்."

உண்மைதான். சொல்வார்.

மேய்ஸ் ஹில்

வீட்டுக்கு வந்து, "தோத்திட்டார்" என்றேன். அம்மா சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா தோர்பியோர்னின் முகத்தைப் பார்த்ததும் குசினிக்குள் போய்விட்டார்.

அவர் புறப்படும்வரை அம்மா அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் பெட்டியில் இடியப்ப மா, மிளகாய்த்தூள், முறுக்கு என்று அடைத்தபடியே இருந்தார். விமான நிலையத்தில் தோர்பியோர்ன் குனிந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தபோது, "சொறி, தம்பி, சொறி" என்று மன்னிப்பு மட்டும் கேட்டார் அம்மா. பொட்டில் தான் கேட்டது அவருக்குத் தெரியும் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாயை மூடியிருப்பது இவ்வளவு வலிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அதையும் ஒரு ஆர்வமாக முயன்று விட்டிருப்பேன்.

அந்த வார இறுதியில் அம்மா என்னை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஓட்டிப்போகச் சொன்னார்.

"என்னம்மா விசேசம்?"

"மன்னிப்புக் கேக்கோணும். ஒரு மனுசன்ர பிழைப்பில மண்ணைப் போட்டுட்டன்."

கோயில் வாசலில் காரை நிறுத்தியதும் என் கைபேசியில் ஒரு படம் வந்தது. தோர்பியோர்னின் தோளில் டில்டா. வாயில் முறுக்கு.

படத்தைக் காட்டினேன். இனிச் சொல்லலாம். சொன்னேன், எல்லாவற்றையும், ஒரே மூச்சில்.

அம்மா அர்ச்சனைத் தட்டை மடியில் இறக்கி வைத்தார்.

"வெண்டவரோ?"

"ஓம்."

"நான் முருகனிட்டக் கேட்டனான். தம்பி ஏன் இடையில பூந்து தந்தவர்?"

அம்மா படத்தை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார். டில்டாவின் வாயருகே விரலை வைத்தார்.

"பல்லு முளைக்குது," என்றார். பிறகு: "இந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ, அப்பா வெண்டவர் எண்டு?"

"தெரியாது."

"வாயைத் திறந்தியோ, பார்."

சரி. இதை எழுதட்டுமா என்று போன மாதம் தோர்பியோர்னிடம் கேட்டேன். எந்த மொழியில் என்றார். தமிழில் என்றேன். "அப்படியானால் பயமில்லை, எழுது," என்றார். பாவம், நம்மவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே ஸ்வீடனில் இதை வாசிக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். தெற்கே ஒரு சின்ன ஊரில், சமையலறை அலமாரிக் கடையில், நிலைக்குத் தலை குனிந்து வரும் ஒருவர் அளவுகோலோடு நின்றால், தயங்காமல் அலமாரி செய்யக் கொடுங்கள். கை நடுங்காது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்று, என் அப்பா கோல்ஃப் விளையாடினவர் என்று சொன்னால், அப்படியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

அவர் தோற்றுவிட்டுத்தான் வந்தார்.